900 யூனிட் வீட்டுக்கு 5 கிலோவாட் சோலார் தேவையா? கொட்டேஷன் வந்திருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்

மாடிவெயில்:
வீடு தாம்பரம் பக்கம். மும்முனை இணைப்பு, சாங்ஷன் லோடு (வாரியம் அனுமதித்த மின்சுமை) 5 கிலோவாட். இரண்டு மாத ரீடிங் கோடையில் 1,100 யூனிட் வரை போகிறது, மழைக்காலத்தில் 650க்கு இறங்குகிறது, சராசரி 900 என்று வைத்துக்கொள்ளலாம். மாடியில் தண்ணீர்த் தொட்டி தென்மேற்கு மூலையில் இருக்கிறது. அதை விட்டால் 450 சதுர அடி திறந்த இடம் கிடைக்கும்.

மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் போடலாம் என்று விசாரித்தேன். வந்த கொட்டேஷன் 5 கிலோவாட், 2.95 லட்சம். மானியம் 78,000 போக மீதியைக் கட்டினால் போதும், பில் பூஜ்யம் ஆகிவிடும், மிச்ச கரண்ட்டுக்கு வாரியம் பணம் தரும், கரண்ட் கட் ஆனாலும் பகலில் வீடு ஓடும் என்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது.

என் கேள்விகள்: அளவு சரியா? சொல்லும் மூன்றும் உண்மையா? பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கணக்குப்புலி:
5 கிலோவாட் வேண்டாம். காரணம் மின்கட்டண ஸ்லாப்பிலேயே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

2024 ஜூலை திருத்தத்துக்குப் பிறகு வீட்டு இணைப்புக்கு நாம் கட்டும் விகிதம் இது. 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101லிருந்தே 4.70. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55. அதனால்தான் 500 யூனிட்டுக்கு 1,805 வருகிற பில், 501 ஆனதும் 2,048க்குத் தாவுகிறது.

உங்கள் 900 யூனிட்டுக்குப் பில் 5,820 ரூபாய். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும். தூசு, வெப்பம், மேகம் எல்லாம் கழித்து இரண்டு மாதத்துக்குக் கிலோவாட்டுக்கு 235 யூனிட் என்று போடுகிறேன்.

2 கிலோவாட் போட்டால் 470 யூனிட் கழிந்து நிகரம் 430. பில் 1,364. மிச்சம் 4,456.
3 கிலோவாட் போட்டால் 700 கழிந்து நிகரம் 200. பில் 235. கூடுதல் மிச்சம் 1,129.
5 கிலோவாட் போட்டால் நிகரம் பூஜ்யத்துக்கும் கீழே போகும். கூடுதலாக மிஞ்சுவது அந்த 235 ரூபாய் மட்டும்.

சோலார் முதலில் வெட்டுவது உச்சியில் இருக்கிற 10.50, 9.45 யூனிட்டுகளை. அடுத்தடுத்த கிலோவாட் வெட்டுவதெல்லாம் மலிவான யூனிட். கடைசி 2 கிலோவாட் வெட்டுவது அரசு ஏற்கெனவே இலவசமாகவும் பாதி விலைக்கும் கொடுக்கிற யூனிட்டை. அதற்கு மானியமும் கிடையாது: முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000, மொத்தம் 78,000, அத்தோடு சரி. 3ஆக இருந்தாலும் 10ஆக இருந்தாலும் அதே 78,000தான். ஆக உங்கள் கொட்டேஷனில் கடைசி 2 கிலோவாட்டின் விலை முழுக்க உங்கள் கைக்காசு. கோடை பில் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் அது ஆண்டுக்கு 3,000 ரூபாய்கூட மிச்சம் பிடிக்காது.

“மிச்ச கரண்ட்டுக்குப் பணம்” என்ற பேச்சை நம்பி அளவைக் கூட்டாதீர்கள். மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்கு யூனிட்டாகவே நகரும், அது நல்லது. ஆண்டுக் கடைசியில் பணமாகத் தீர்க்கும் விலை நீங்கள் வாங்கும் விலையோடு ஒப்பிட மிகக் குறைவு.

இன்னொன்று, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக: இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடுகிற வீட்டில் பில்லே 940 ரூபாய்தான். முழு பில்லையும் சோலார் விழுங்கினாலும் ஆண்டுக்கு 5,640. மானியம் போக 70,000 போட்டால் முதல் திரும்ப 12 ஆண்டுக்கு மேல். அவர்களிடமும் விற்பனையாளர் “பூஜ்ய பில்” என்றே பேசுகிறார். மானிய விளம்பரத்தில் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்வது அரசின் கடமை என்பது என் உறுதியான கருத்து.

உங்களுக்கு 2 கிலோவாட் போதும்.

கோவை_வயரிங்:
கணக்குப்புலி சார் சொன்ன கணக்கு சரி, முடிவில் மட்டும் மாறுபடுகிறேன். 3 கிலோவாட் போடுங்கள். சராசரி 900 என்றாலும் கோடையில் 1,100 ஓடுகிறது. அந்தப் பில் 8,025. 2 கிலோவாட் 500 யூனிட் தந்தால் நிகரம் 600, 500க்கு மேல் மாட்டிக்கொண்டு 2,880 கட்டுவீர்கள். 3 கிலோவாட் 740 தந்தால் நிகரம் 360, பில் 987. மழைக்காலத்தில் வித்தியாசம் 470 ரூபாய்தான், ஆனால் கோடை அதை ஈடுகட்டிவிடும். நெட் மீட்டர் (உள்ளே வரும் கரண்ட்டையும் வெளியே போகும் கரண்ட்டையும் அளக்கும் மீட்டர்), எர்த் குழி, கூலி எல்லாம் 2க்கும் 3க்கும் ஏறக்குறைய ஒன்றே, அதனால் மூன்றாவது கிலோவாட் விலை முதல் இரண்டு அளவுக்கு வராது. 5 வேண்டாம் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

இனி பொருத்தும் விஷயம்.

540 வாட் பேனல் ஆறு போட்டால் 3.24 கிலோவாட். ஒன்று ஏறக்குறைய 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். துடைக்க நடக்கும் வழியோடு 250 முதல் 300 சதுர அடி வேண்டும். தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும். தொட்டி தென்மேற்கில் இருப்பது கவலைக்குரியது: மாலை நிழல் வடகிழக்காக நீளும். டிசம்பர் மாதச் சூரியன் தாழ்வாக ஓடும்போது மாலை 3 மணி நிழல் எதுவரை வருகிறது என்று கணக்கிட்டு, அந்தக் கோட்டுக்கு வெளியே பேனலை வைக்கச் சொல்லுங்கள். ஆறு பேனலும் ஒரே வரிசைத் தொடராகப் போகும். ஒன்றின் மூலையில் நிழல் விழுந்தாலே அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு பைபாஸ் டயோடு வழியாக ஒதுங்கிவிடும், குறுக்கே முழுவதும் விழுந்தால் முழுப் பேனலும் போகும்.

மே மாதம் நண்பகலில் இன்வெர்ட்டர் 2.6 கிலோவாட் காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பேனல் பலகை 60 டிகிரிக்கு மேல் சூடாகும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.30 முதல் 0.35 சதவீதம் உற்பத்தி இறங்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் நல்ல விளைச்சல்; தெளிந்த நாளில் 14 யூனிட் வர வேண்டும். அது வராவிட்டால் ஏதோ தவறு.

அதிகம் பார்க்கிற கோளாறு நண்பகலில் இன்வெர்ட்டர் தானாக நின்று நின்று ஓடுவது. வீட்டிலிருந்து தெருவுக்குக் கரண்ட் போகும்போது வோல்டேஜ் ஏறும். தெருவில் ஏற்கெனவே 255 இருந்தால், 264 தாண்டியதும் இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காகக் கழன்றுகொள்ளும். வயரும் சேர்ந்து கெடுக்கும்: மாடியிலிருந்து மீட்டருக்கு 30 மீட்டர் என்றால் 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 13 ஆம்பியருக்கு ஏறக்குறைய 6 வோல்ட் ஏறும், 6 சதுர மி.மீ.யில் இரண்டரை வோல்ட்டோடு நிற்கும். ஆகவே கொட்டேஷனில் 6 சதுர மி.மீ. என்று எழுதி வாங்குங்கள். பொருத்துவதற்கு முன்பே பகல் 12 மணிக்கு மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் அளந்து, குறைவாக இருக்கும் ஃபேஸில் சோலாரை இணைக்கச் சொல்லுங்கள். எல்லாமே 250க்கு மேல் என்றால் செக்‌ஷன் ஆபீஸில் எழுத்தில் கொடுத்து வோல்டேஜ் இறங்கும்படி டிரான்ஸ்ஃபார்மரில் டேப் மாற்றக் கேளுங்கள். இன்வெர்ட்டர் செட்டிங்கில் உச்சவரம்பை ஏற்றிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், வீட்டு ஃபிரிட்ஜும் ஏசியும்தான் அடி வாங்கும்.

கரண்ட் கட் ஆனால் வீடு ஓடும் என்பது பொய். கிரிட் (வாரியத்தின் மின்வழி) இல்லாவிட்டால், அதோடு இணைந்து பேட்டரி இல்லாமல் ஓடும் இந்த வகை சோலார் இன்வெர்ட்டர் நின்றே ஆக வேண்டும், இல்லையேல் கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் உயிருக்கு ஆபத்து. பகல் வெயில் கொளுத்தினாலும் உங்கள் பழைய பேட்டரி இன்வெர்ட்டர்தான் கைகொடுக்கும். சோலார் லைனை அந்த இன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதியில் சேர்த்துவிடக் கூடாது. அப்படிச் சேர்த்தால் கட் ஆன நேரத்தில் பேட்டரி இன்வெர்ட்டர் தரும் கரண்ட்டைக் கிரிட் என்று நினைத்து சோலார் அதற்குள் தள்ளப் பார்க்கும், பேட்டரி இன்வெர்ட்டர் எரிந்துபோகலாம். மெயின் பக்கத்தில் தனி எம்சிபியோடு (தானாக ட்ரிப் ஆகும் பாதுகாப்பு சுவிட்ச்) சேர்க்க வேண்டும்.

எர்த் குழி மூன்று: பேனலும் சட்டமும் ஒன்று, இன்வெர்ட்டரின் ஏசி பக்கம் ஒன்று, இடிதாங்கி தனியாக ஒன்று. செலவு மிச்சம் என்று மூன்றையும் ஒரே குழியில் விடுகிறார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். சட்டம் சூடாக்கி முக்கிய துத்தநாகப் பூச்சு, 80 மைக்ரான். போல்ட்டு எல்லாம் 304 எவர்சில்வர். கூரையைத் துளைக்காமல் கான்கிரீட் கட்டையில் நிறுத்தலாம். புயல் வரும் ஊர் என்பதால் கட்டையின் எடையை அவர்களே கணக்கிட்டு எழுதித் தரட்டும். பேனல் கனெக்டர் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். வேறு வேறு கம்பெனியை மாட்டினால் உள்ளே சூடேறி உருகும், மாடியில் தீப்பிடிக்கும் காரணங்களில் அது முக்கியமானது.

மாடிவெயில்:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. 3 கிலோவாட்டுக்கு மறு கொட்டேஷன் கேட்கிறேன். ஒரு சந்தேகம்: வீடு மும்முனை, 3 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒருமுனை. ஏசி வேறு ஃபேஸில் ஓடினால் சோலார் கரண்ட் அதற்குப் போகாதே, நஷ்டமா? விண்ணப்பத்தில் என்ன சிக்கல் வரும் என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

கோவை_வயரிங்:
நஷ்டம் இல்லை. ஒரு ஃபேஸில் 2 யூனிட் வெளியே போய், இன்னொன்றில் 2 யூனிட் உள்ளே வந்தாலும் பில்லில் இறக்குமதியிலிருந்து ஏற்றுமதி கழிந்துதான் நிகரம் வரும்.

செக்‌ஷன்_விவரம்:
விண்ணப்பப் பக்கம் நான் சொல்கிறேன்.

தேசிய இணையதளத்தில் மொபைல் எண், மின் இணைப்பு எண் வைத்துப் பதிவு செய்து, பட்டியலில் உள்ள விற்பனையாளரை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய அறிக்கை இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று 2024இல் நுகர்வோர் உரிமை விதி திருத்தப்பட்டது. யாராவது ஆய்வு பாக்கி என்று இழுத்தடித்தால் அந்த விதியைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

அதிகம் தடுக்கி விழும் இடம் பெயர். மின் இணைப்பு அப்பா பெயரிலோ பழைய உரிமையாளர் பெயரிலோ இருந்தால் முதலில் பெயர் மாற்றம் முடியுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். வங்கிக் கணக்குப் பெயரும் இணைப்புப் பெயரும் ஒத்துப்போகாததால் மானியம் நிற்பது வழக்கம். மானியம் வருவது உங்கள் கணக்குக்குத்தான். விற்பனையாளர் அதைக் கழித்துத் தருகிறேன் என்று உங்கள் கணக்கு விவரத்தையோ கையெழுத்திட்ட காசோலையையோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது டிசிஆர் பேனல். மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பேனல் மட்டும் இங்கே ஒட்டியது, செல் இறக்குமதி என்றால் தகுதி இல்லை. கொட்டேஷனில் “டிசிஆர்” என்ற வார்த்தை இல்லாமல் விலை 20,000, 30,000 குறைவாக இருந்தால் அதுதான் காரணம். பேனல் வந்து இறங்கியதும் ஆறின் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து, டிசிஆர் சான்றிதழில் உள்ள நம்பரோடு ஒப்பிட்ட பிறகே மாடிக்கு ஏற்றவிடுங்கள். ஏற்றிவிட்டால் நம்பர் பின்பக்கம் மறைந்துவிடும்.

ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருட்களுக்கு 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கொட்டேஷனில் எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பணத்தை இப்படிப் பிரித்துக் கொடுங்கள்: முன்பணம் 20 சதவீதம், பொருள் இறங்கி நம்பர் சரிபார்த்த பிறகு 60, நெட் மீட்டர் மாட்டி ஓடிய பிறகு 20. கடைசி 20 கையில் இருக்கும்வரைதான் போன் எடுப்பார்கள். 5 ஆண்டுப் பராமரிப்பு திட்டத்தின் நிபந்தனையிலேயே இருக்கிறது, தனிக் கட்டணம் கேட்கக் கூடாது. கடன் வேண்டுமானால் 3 கிலோவாட் வரைக்கும் 2 லட்சம் வரை ஈடில்லாமல் பொதுத்துறை வங்கிகள் தருகின்றன, தனிநபர் கடனில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மீட்டர் மாட்டும் அன்று டிஸ்ப்ளேயில் 1.8.0 என்று வருவது இறக்குமதி, 2.8.0 என்று வருவது ஏற்றுமதி. இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். முதல் பில்லில் ரீடிங் எடுப்பவர் ஏற்றுமதியைக் குறிக்காமல் போவது நடக்கும், அந்தப் போட்டோதான் ஆதாரம். கையெழுத்திடும் முன்பு உங்கள் செக்‌ஷனிலேயே சோலார் போட்ட ஒருவரின் கடைசி பில்லை வாங்கிப் பாருங்கள். நெட்வொர்க் கட்டணம் (வாரியத்தின் மின்வழியைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) என்று ஒரு வரி இருந்தால் கணக்குப்புலி சொன்ன மிச்சத்தில் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்புலி:
கோவை நண்பர் சொன்ன கோடைக் கணக்கு சரி. 500 எல்லையை நான் சராசரியில் மட்டும் பார்த்தேன், இந்த வீட்டுக்கு 3 கிலோவாட்டே பொருந்தும். துடைப்பது பற்றி ஒன்று சேர்க்கிறேன்: 15 நாளுக்கு ஒருமுறை, காலை 7 மணிக்கு முன்னால். உச்சி வெயிலில் சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். தாம்பரம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது காய்ந்து வெள்ளைப் படலம் படியும், மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ இரண்டு வாளி போதும்.