புதுப்பிப்பு: நெய்வேலிச் சாம்பலும் இரும்புத் துருவும் – சாயக் கழிவுநீரில் நிறம் போய்விட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடலூரில் எங்கள் சிறிய சாயப்பட்டறைக் கழிவுநீருக்கு வினையூக்கி செய்ய, லேத் பட்டறைச் சீவலின் துருவை நெய்வேலிச் சாம்பலில் ஏற்றினேன். ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தும் நிறம் அசையவில்லை என்று கேட்டிருந்தேன்.

பெராக்சைடைக் கூட்டிப் பார்த்தது பலன் தரவில்லை. "சாம்பலை முதலில் அமிலத்தில் கழுவுங்க" என்ற யோசனைதான் வேலை செய்தது. பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். நான் பிஎச்சை (அமில-கார அளவை) இறக்க இறக்க அது ஏற்றிவிட்டிருக்கிறது. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து சாயத்தைச் சிதைக்கும் ஃபென்டன் வினைக்குத் தோதானது 3-ஐ ஒட்டிய பிஎச். கழுவிய சாம்பலில் கருநீலம் ஒரு மணி நேரத்தில் வெளிர் மஞ்சளானது.

எதிர்பாராதது ஒன்று: நிறம் போன நீரில் சிஓடி (கழிவை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு) கூடுதலாகக் காட்டியது! பயந்தே போனேன். மிஞ்சிய பெராக்சைடு, சிஓடி சோதனையில் சேர்க்கும் டைகுரோமேட்டோடு வினைபுரிவதால் வரும் பொய்க் கணக்கு அது. சுண்ணாம்பு போட்டு பிஎச்சை உயர்த்தி, இரவு முழுக்கத் திறந்த வாளியில் விட்டு, தெளிநீரைச் சோதித்ததும் சரியானது. வாளியை மூடாதீர்கள், பெராக்சைடு சிதைந்து வரும் ஆக்சிஜன் வெளியேற வேண்டும்.

அடியில் படிந்த காவிச் சேறு, வினையூக்கியிலிருந்து கரைந்து வந்த இரும்பு. அதனால்தான் அதே வினையூக்கியை மூன்றாம் முறை பயன்படுத்தியபோது வேகம் குறைந்தது.