உதவி: ‘சனிக்கிழமை’யை எங்கே வைப்பது?

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் தீபாவளி விருந்துக்கு நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அறிவிப்பு ஒட்டுகிறோம். தமிழ் என் பொறுப்பு. இப்படி எழுதினேன்:

“சனிக்கிழமை சமூக மன்றத்தில் பதிவு செய்தவர்களுக்கு விருந்து நடைபெறும்.”

நேற்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: “நான் ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்தேனே, எனக்குச் சாப்பாடு இல்லையா?” விருந்துதான் சனிக்கிழமை! ஒரு பாட்டி வருத்தத்தோடு திரும்பிப் போனது மனதை உறுத்துகிறது. எப்படித் திருத்துவது?

தேக்கா தம்பி:
‘சனிக்கிழமை’க்குப் பிறகு காற்புள்ளி போடுங்கள் அக்கா, சரியாகிவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
காற்புள்ளி கண்ணுக்கு உதவும் தம்பி. ஆனால் லிஃப்ட் பக்கத்தில் நின்று ஒருவர் அந்தப் பாட்டிக்குப் படித்துக் காட்டினால் காதில் விழாது. இடத்தை மாற்றுவதுதான் நல்லது.

‘செய்தவர்கள்’ வினையாலணையும் பெயர். பெயராக நின்றாலும் அதற்குள் ஒரு வினை இருக்கிறது. எப்போது, எங்கே என்று முன்னால் வரும் சொற்களை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கடைசியில் உள்ள ‘நடைபெறும்’ வரை அவற்றைப் போக விடாது. ‘வந்த’ போல ஒரு பெயருக்கு முன்னால் நிற்கும் பெயரெச்சமும் அப்படியே. ‘நேற்று வந்த கடிதத்தைப் படித்தேன்’ என்றால் வந்தது நேற்று. ‘வந்த கடிதத்தை நேற்றுப் படித்தேன்’ என்றால் படித்தது நேற்று.

சரி, சமூக மன்றத்தில் நடப்பது எது, பதிவா விருந்தா?

ஈசூன்வாசி:
பதிவு மட்டும்தான் ஐயா. விருந்து எங்கள் புளோக் கீழ்த்தளத்தில், மாலை 6 மணிக்கு.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அப்படியானால் ‘சமூக மன்றத்தில்’ இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். விருந்தின் நாள், நேரம், இடத்தை ‘செய்தவர்களுக்கு’ என்பதற்குப் பின்னால் கொண்டுவாருங்கள்:

“சமூக மன்றத்தில் பதிவு செய்தவர்களுக்குச் சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் புளோக் கீழ்த்தளத்தில் விருந்து நடைபெறும்.”

பலர் மன்றத்துக்கே போய்விடுவார்கள் என்று பயந்தால், ‘விருந்து புளோக் கீழ்த்தளத்தில் நடைபெறும்’ என்று முடியுங்கள். வினையை ஒட்டி நிற்பதற்குத்தான் தமிழில் அழுத்தம் அதிகம்.

ஈசூன்வாசி:
இன்னொரு வரியும் இருக்கிறது: “குழந்தைகளுக்கு மட்டும் உணவு இலவசம்.” இது சரியா?

தேக்கா தம்பி:
பெரியவர்கள் காசு கொடுக்க வேண்டுமா அக்கா?

ஈசூன்வாசி:
இல்லை, எல்லாருக்கும் சாப்பாடு இலவசம். குழந்தைகளின் விளையாட்டுகளுக்குத்தான் 2 வெள்ளி (டாலர்) கட்டணம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அப்படியென்றால் அது தவறு. ‘மட்டும்’ தனக்கு முன்னால் உள்ள சொல்லைத்தான் பிடிக்கும். அதை நகர்த்துவதைவிட எடுத்துவிடுங்கள்: “உணவு அனைவருக்கும் இலவசம். குழந்தைகள் விளையாட்டுகளுக்கு 2 வெள்ளி.”

ஈசூன்வாசி:
மாற்றி ஒட்டிவிட்டேன் ஐயா. பாட்டி வீட்டுக்கும் போய்ப் படித்துக் காட்டினேன். “சனிக்கிழமை 6 மணிக்குக் கீழே வரணும், அவ்வளவுதானே?” என்றார்.