பழைய லாண்ட் ரோவருக்கு மாற்று டீசல் எஞ்சின்: எதைத் தேடுவது?

கேள்வி (ஒட்டுசுட்டான்)

எங்கள் குடும்பத்திடம் லாண்ட் ரோவர் சீரிஸ் III, 109 அங்குல நீள் வாகனம் ஒன்று உள்ளது. அதன் 2286 சீசீ டீசல் எஞ்சின் இனித் தாங்காது என்ற நிலைக்கு வந்துவிட்டதால், அந்த இடத்தில் எந்த எஞ்சினைப் பொருத்தலாம் என்று அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன்.

முத்தையன்கட்டுக் குளத்துக்கு அப்பாலுள்ள வயலுக்கு விதைநெல்லும் பசளையும் கொண்டு போவதற்கும், காலபோக அறுவடையில் மூட்டை ஏற்றி வருவதற்கும் இவ்வாகனம் பயன்படுகிறது. மாரியில் பாதை சேறாகி வான்கள் உள்ளே வர மறுக்கும் நாட்களில், ஊரில் யாருக்காவது கடுமையான சுகயீனம் என்றால் மாங்குளம் வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும் இதில்தான். மூட்டைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றலாம். பிரசவ வலியில் உள்ள பெண்ணை அதில் படுக்க வைத்துக் கொண்டு போக முடியாது. இந்த வாகனத்தை விற்க வீட்டில் எவருக்கும் மனம் இல்லாததன் காரணம் அதுவே.

கடந்த கோடையில் எஞ்சின் அடிக்கடி சூடேறத் தொடங்கியது. ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து ஓட விட்டால் இடைவிடாமல் குமிழி வருகிறது. ஒயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறது. ஹெட் கஸ்கெட் (எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள புளொக்குக்கும் இடையிலுள்ள அடைப்பு) மாற்றிய பின்னும் நிலைமை மாறவில்லை. அதே வகை எஞ்சினைத் தேடுவதா, ஜப்பானிய ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றைப் பொருத்துவதா?

பதில் (வவுனியா)

எஞ்சின் முடிந்துவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன், வெடிப்பு ஹெட்டில் இருக்கிறதா புளொக்கில் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டீர்களா? 2.25 லீற்றர் என்று அழைக்கப்படும் இந்த டீசலின் ஹெட்டில் வால்வுகளுக்கு இடையிலும், முன்னெரி அறையைச் சுற்றியும் வெடிப்பு விழுவது புதிதல்ல. அது கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கோடாகவும் இருக்கலாம். குமிழி, வெளுத்த ஒயில் என்ற இரண்டு அறிகுறிகளும் ஹெட் வெடிப்பிலும் அப்படியே தோன்றும். கஸ்கெட் மாற்றிய வேளையில் ஹெட்டை அழுத்தச் சோதனைக்குக் கொடுத்திராவிட்டால், முதலில் அதைச் செய்யுங்கள். ஹெட் மட்டும் என்றால் செலவு மிகக் குறையும்.

கேட்டவர் (ஒட்டுசுட்டான்)

நன்றி ஐயா. ஹெட்டை வவுனியாவிலுள்ள லேத் பட்டறை ஒன்றில் சோதித்தோம், அதில் குறையில்லை. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையே புளொக்கில்தான் வெடிப்பு இருக்கிறது. கிராங்கும் (பிஸ்டன்களால் சுழலும் தண்டு) முன்பே பல தடவை கடையப்பட்டு, இனிக் கடைய இடமில்லாத அளவுக்கு வந்துவிட்டது. ஆகவேதான் மாற்று எஞ்சின் பற்றிக் கேட்டேன்.

பதில் (கிளிநொச்சி)

புளொக்கும் கிராங்கும் சேர்ந்து போயிருந்தால் நீங்கள் எடுத்த முடிவு சரியானது. இனி எதைத் தேடுவது என்பதை, எஞ்சினை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருக்கும் கியர்பொக்ஸிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பழைய எஞ்சினின் வலு 62 குதிரைவலு. அதன் திருப்புவிசை ஏறக்குறைய 140 நியூட்டன் மீற்றர். சீரிஸ் III கியர்பொக்ஸ் அந்த அளவைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக விசையோடு ஓடும் நிலையில்) முதலாம் கியரில் அந்த விசை ஏறக்குறைய 40 மடங்காகப் பெருகிச் சில்லுகளுக்குப் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். லாண்ட் ரோவரின் 200 டிடிஐ எஞ்சின் இந்த வாகனத்துக்கு மிக அழகாகப் பொருந்தும் என்று பலர் சொல்வார்கள், பொருந்துவது உண்மைதான். ஆனால் லாண்ட் ரோவர் டிஸ்கவரி வாகனத்தில் வந்த வகையின் வலு 111 குதிரைவலு, திருப்புவிசை 260 நியூட்டன் மீற்றருக்கு மேல். மூட்டை ஏற்றிய வாகனம் சேற்றில் புதைந்து நிற்கும்போது பதற்றத்தில் அக்சிலேற்றரை மிதித்தால், அந்த விசை கியர் பற்களையோ அரை அச்சையோ தேடிப் போகும். மேலும், டிஸ்கவரியிலிருந்து எடுத்த 200 டிடிஐயில் டேர்போ தாழ்வாக இருப்பதால் அது அடிச்சட்டத்தோடு இடிக்கும். டிபென்டரிலிருந்து எடுத்ததில் அது மேலே இருக்கும். 300 டிடிஐக்கு பெல் ஹவுசிங்கே (எஞ்சினைக் கியர்பொக்ஸோடு இணைக்கும் கூடு) வேறு.

மிகக் குறைந்த மாற்றத்தோடு அமரக்கூடியது லாண்ட் ரோவரின் 2.5 லீற்றர் சாதாரண டீசல். 1984இல் வந்த அந்த 2495 சீசீ எஞ்சின் உங்கள் பழைய எஞ்சினின் நேரடி வழித்தோன்றல். வலு 68 குதிரைவலு. பெல் ஹவுசிங், எஞ்சின் தாங்கிகள் எல்லாம் ஒத்துப்போகும். வால்வுகளின் இயக்கத்தைக் கிராங்கோடு இணைக்கச் சங்கிலிக்குப் பதிலாக டைமிங் பெல்ட் இருப்பதுதான் பெரிய வேறுபாடு. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். ஆனால் அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மாரிக்கு முன் வாகனம் எழும்ப வேண்டும் அல்லவா?

ஜப்பானிய எஞ்சின்களில் என் முதல் தெரிவு நிசான் டிடி27. 2663 சீசீ, டேர்போ இல்லாதது, கரவன் வான்களில் வந்தது. டைமிங் முழுவதும் பற்சக்கரங்களால் நடப்பதால் அறுந்துபோகப் பெல்ட் இல்லை. அதன் விசை உங்கள் பழைய எஞ்சினைவிட அதிகம் என்றாலும் கியர்பொக்ஸை அச்சுறுத்தும் அளவுக்குப் போகாது. டிடி27ஈடிஐ என்று சொல்லி விற்பதை மட்டும் வாங்காதீர்கள். அதன் எரிபொருள் பம்ப் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குவது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த எங்கள் பகுதி மெக்கானிக்குகளுக்கு, கையால் திருகிச் சரிசெய்யக்கூடிய எந்த எஞ்சினும் அந்நியமில்லை. கணினி இணைத்துப் பார்க்க வேண்டிய எஞ்சின் நெடுங்கேணிக் காட்டுப்பாதையில் நின்றால், அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இசுசு 4ஜேபி1 எஞ்சினும் நல்லதே. 2771 சீசீ, நேரடியாக எரிபொருள் பாய்ச்சும் வகை, சிக்கனமானது. பற்சக்கர வகை, பெல்ட் வகை இரண்டும் உள்ளதால் முன்மூடியைப் பார்த்து வாங்குங்கள். லொறியிலிருந்து வந்ததானால் ஸ்டார்ட்டரும் அல்டர்னேற்றரும் 24 வோல்ட்டாக இருக்கக்கூடும். உங்கள் வாகனம் 12 வோல்ட்.

பதில் (மல்லாவி)

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் டொயோட்டா 3எல் எஞ்சினை ஒருவரும் சொல்லாதது எனக்கு வியப்பாக உள்ளது. 2779 சீசீ, டொல்பின் வான்கள் ஓடும் ஊரெல்லாம் அதன் உதிரிப்பாகம் கிடைக்கிறது. மல்லாவியிலோ துணுக்காயிலோ ஒரு கடையில் இல்லாவிட்டால் அடுத்த கடையில் இருக்கும். அதைக் கழற்றிப் பூட்டத் தெரியாத மெக்கானிக்கை இப்பகுதியில் நான் கண்டதில்லை. வாகனம் ஊருக்குப் பயன்பட வேண்டும் என்றால், எஞ்சின் எவ்வளவு சிறந்தது என்பதைவிட, பழுதான அன்றே ஊரில் திருத்த முடியுமா என்பதுதான் முக்கியம்.

பதில் (கிளிநொச்சி)

மல்லாவி நண்பர் சொல்லும் அடிப்படை நியாயமானது; உதிரிப்பாக விடயத்தில் 3எல் முன்னிற்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் டைமிங் பெல்ட் உள்ளது. தார் வீதியில் ஓடும் வானுக்கு அது பிரச்சினையே இல்லை. ஏறத்தாழ 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். இந்த வாகனமோ முழங்கால் அளவு சேற்றிலும் வாய்க்கால் நீரிலும் இறங்குவது. பெல்ட் மூடியின் இறப்பர் ஓரம் பழுதடைந்திருந்தால் சேறு உள்ளே போகும். பெல்ட் பல் நழுவினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். 3எல் எஞ்சின்தான் கிடைக்கிறது என்றால், புதிய பெல்ட்டும் புதிய மூடி இறப்பரும் போட்டு, பெல்ட்டின் ஆயுளைப் பாதியாகக் கணக்கிட்டு ஓடுங்கள்.

எந்த எஞ்சினை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒயில் சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டி). உங்கள் வாகனத்தில் முன் அச்சு எஞ்சினின் முற்பகுதிக்குக் கீழே வருகிறது. அதன் டிபரன்சியல் (அச்சின் பருத்த பற்சக்கரக் கூடு) நடுவில் இல்லாமல் வலப்பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. ஆகவே சம்பின் ஆழமான பகுதி பின்பக்கம் இருக்க வேண்டும். வானிலிருந்து வந்த எஞ்சினுக்கும் நான்கு சில்லு இயக்க வாகனத்திலிருந்து வந்த எஞ்சினுக்கும் சம்ப் வேறு வடிவில் இருப்பது வழக்கம். ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்போது அச்சு எவ்வளவு மேலே எழும் என்பதை இப்போதே அளந்து, அந்த அளவை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். எஞ்சினைக் கொண்டுவந்த பிறகு சம்பை வெட்டி ஒட்டுவது நம்பத்தக்க வேலையல்ல.

பதில் (மன்னார்)

பெல் ஹவுசிங் இணைப்புத் தட்டு பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் இவ்வகை மாற்றங்களில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன. நிசான் எஞ்சினுக்கும் லாண்ட் ரோவர் கியர்பொக்ஸுக்கும் இடையே ஒரு தடித்த இரும்புத் தட்டு தேவை. அந்தத் தட்டு கிராங்கின் மையத்தையும் கியர்பொக்ஸ் உள்வரு ஷாப்டின் மையத்தையும் ஒரே நேர்கோட்டில் வைக்க வேண்டும். டயல் கேஜை (நுண்ணளவு காட்டும் மானி) பிளைவீலில் பூட்டிக் கிராங்கைச் சுற்றிப் பார்க்கும்போது, மையவிலகல் 0.1 மில்லிமீற்றருக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் முதலில் பைலட் பெயரிங், அடுத்து கிளச், கடைசியில் கியர்பொக்ஸின் முன் பெயரிங் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கண் மட்டத்தில் துளை குறித்துத் தட்டு அடிக்கும் பட்டறையிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். டயல் கேஜ் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் கேளுங்கள்.

கிளச் பிளேட்டின் நடுப் பற்கள் லாண்ட் ரோவர் ஷாப்டுக்கு ஏற்றவையாகவும், அதன் விட்டம் புதிய பிளைவீலுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். வேகமானி கேபிள் டிரான்ஸ்பர் பொக்ஸிலிருந்து வருவதால் அது பாதிக்கப்படாது.

எஞ்சினைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்குவதானால், ஓட்டிக் காட்டாத எஞ்சினுக்கு முழுப் பணமும் கொடுக்காதீர்கள். காலையில் முதல் தடவையாக, குளிர்ந்த நிலையில் இயக்கச் சொல்லுங்கள். ஒயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, புகை தள்ளுகிறதா என்று கவனியுங்கள். நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அடுத்த எஞ்சினைப் பாருங்கள். பிளைவீல், ஸ்டார்ட்டர், அல்டர்னேற்றர் ஆகியவற்றை அதே எஞ்சினோடு சேர்த்தே வாங்குங்கள். ஜப்பானிய டீசலில் பிரேக்குக்கான வெற்றிடப் பம்ப் பெரும்பாலும் அல்டர்னேற்றரின் பின்புறம் இருக்கும். அதைத் தனியே தேடுவது பெரும் அலைச்சல்.

பதில் (வவுனியா)

பணம் கொடுப்பதற்கு முன் பத்திர விடயத்தையும் பாருங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கம் மாறுவதால், அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்திப் பதிய வேண்டும். இறக்குமதி செய்த எஞ்சின் என்றால் சுங்க ஆவணத்தின் பிரதியையும், எஞ்சின் இலக்கம் தெளிவாக எழுதப்பட்ட விற்பனைப் பற்றுச்சீட்டையும் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அவற்றைத் தர மறுப்பவரிடம் எஞ்சின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். புளொக்கில் பொறித்த இலக்கத்தை நீங்களே துடைத்துப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவைத் திருத்தாமல் ஓடினால், விபத்து நடந்த அன்று காப்புறுதி நிறுவனம் எழுப்பும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நோயாளிகளை ஏற்றும் வாகனம் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். ஆகவே பம்பையும் இன்ஜெக்டர்களையும் பொருத்துவதற்கு முன்பே டீசல் பட்டறையில் சோதித்துவிடுங்கள்.

கேட்டவர் (ஒட்டுசுட்டான்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அச்சு எழும் அளவை நேற்று எடுத்துவிட்டோம். 2.5 லீற்றர் லாண்ட் ரோவர் எஞ்சின் கிடைக்குமா என்று முதலில் விசாரித்து, இல்லையென்றால் டேர்போ இல்லாத டிடி27ஐ, பின்பக்கச் சம்போடு வாங்குவது என்று தீர்மானித்துள்ளோம். இணைப்புத் தட்டுக்கு டயல் கேஜ் வைத்திருக்கும் பட்டறை ஒன்றையும் பேசிவிட்டோம். ஒரு சந்தேகம் மட்டும் மீதமுள்ளது: பழைய வயரிங்கை அப்படியே பயன்படுத்தலாமா?

பதில் (கிளிநொச்சி)

விளக்கு, சமிக்ஞை வயர்கள் இருக்கலாம். ஹீட்டர் பிளக் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சூடேற்றி) வயரை மட்டும் பயன்படுத்தக் கூடாது. உங்கள் பழைய எஞ்சினில் நான்கு பிளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்தவை. டிடி27இல் அவை பக்க இணைப்பில் இருப்பதால் ஒவ்வொன்றும் பற்றறியின் முழு வோல்ட்டையும் பெறும். நான்கும் சேர்ந்து 40 அம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். பழைய சாவித் தொகுதி அதைத் தாங்காமல் உருகும். பற்றறியிலிருந்து தடித்த வயரும், பியூஸும், ஒரு ரிலேயும் தனியாகப் போட்டு, சாவியால் ரிலேயை மட்டும் இயக்குங்கள். எஞ்சினை நிறுத்தப் பழைய வாகனத்தில் இழுவைக் கேபிள் இருந்திருக்கும். டிடி27இன் பம்பில் அதற்குப் பதிலாக 12 வோல்ட் சொலனொயிட் (மின்சாரத்தால் இயங்கும் எரிபொருள் அடைப்பான்) உள்ளது. அதற்குச் சாவியிலிருந்து தனி வயர் ஒன்றைக் கொடுத்து, இணைப்பை நீர் புகாதபடி மூடிவிடுங்கள். வாய்க்காலின் நடுவில் அந்த ஒரு வயர் கழன்றாலும் எஞ்சின் நின்றுவிடும்.