ஐப்பசி, கார்த்திகையில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தேடிவரும் செடிகள்: கடலூர், புதுவை அனுபவங்கள்

(பேசுபவர்கள் அவரவர் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

வில்லியனூர்:
ஐப்பசியில் பூ வேண்டுமென்றால் ஆவணியிலேயே மண்ணில் கை வைக்க வேண்டும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு விதைத்தால் நாற்று தண்டின் அடி அழுகும் கழுத்தழுகல் நோயில் சாய்ந்துவிடும். செண்டுமல்லி, மஞ்சள் காஸ்மோஸ் இரண்டுமே விதைத்து 50-60 நாளில் பூக்கும். ஆகஸ்ட் 20-க்குள் விதை போட்டுவிடுங்கள். நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும். மாட்டெருவை அள்ளிக் கொட்டாதீர்கள். இலை தழைக்கும், மொட்டு தள்ளிப்போகும்.

செண்டுமல்லியில் ஒற்றையடுக்கு ரகமாகப் பாருங்கள். மாலைக்கு விற்கும் பந்துப்பூவில், நடுவில் இருக்க வேண்டிய குழல்பூக்கள் எல்லாம் இதழாக மாறியிருக்கும். தேனீ உட்கார்ந்து துழாவிவிட்டு வெறும் வாயோடு எழுந்து போகும்.

இட்லிப்பூச் செடிக்கு ஆவணி முதல் வாரமே கவாத்து. புதுத் துளிரின் நுனியில்தான் கொத்து வரும் என்பதால், புரட்டாசிக் கடைசியில் வெட்டினால் அந்தப் பருவத்துப் பூவையே வெட்டியதாகிவிடும்.

தேவனாம்பட்டினம்:
வில்லியனூர் அண்ணா சொன்னதோடு ஒன்று. இட்லிப்பூ, பென்டாஸ் இரண்டும் வண்ணத்துப்பூச்சிக்கான பூ. குழல் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் கொம்புத் தேனீயின் நாக்கு அடிவரை எட்டாது. "இவ்வளவு பூத்தும் தேனீ வரவில்லை" என்று கேட்பவர்கள் தோட்டத்தில் பெரும்பாலும் இந்த மாதிரிப் பூக்கள்தான் இருக்கும். தேனீக்குத் துளசி, திருநீற்றுப்பச்சிலை, கொடிரோஸ் (ரோஜா இல்லை, இளஞ்சிவப்புக் கொத்துப்பூ விடும் கொடி), தும்பை. துளசிக் கதிரை ஆவணி முடியும் வரை கிள்ளுங்கள், அதன்பின் பாதிக் கதிரையாவது விட்டுவையுங்கள். தும்பையை யாரும் நட வேண்டியதில்லை. மழைக்குப் பிறகு தானாக முளைப்பதைக் களை என்று பிடுங்காமல் மூன்றடிக்கு மூன்றடி விட்டாலே போதும். கொடிரோஸை மட்டும் வேலியோரம் தனியாக வையுங்கள். மண்ணுக்குள் கிழங்கு விட்டுப் பக்கத்துச் செடியை மூடிவிடும்.

கடற்கரை ஓரத்தில் புயல் காற்று அடித்த மறுநாள் இலை ஓரம் கருகினால் அது நோய் இல்லை, உப்பு. நல்ல தண்ணீரால் செடியை முழுக்கக் கழுவிவிடுங்கள். மருந்து எதுவும் வேண்டாம்.

லாஸ்பேட்டை:
இந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு செடி என்றால் நான் கிலுகிலுப்பையைத்தான் சொல்வேன். அக்டோபர், நவம்பரில் நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சிகள் கிழக்குச் சமவெளியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் கூட்டமாக நகரும் காலம். அவை கிலுகிலுப்பைக்கு வருவது தேனுக்காக மட்டும் இல்லை. வாடிய இலை, காய்ந்த காய் மேல் உட்கார்ந்து, கால் நகத்தால் பிறாண்டி, உறிஞ்சுகுழல் வழியாக ஒரு சொட்டு நீரை விட்டு இலையை நனைத்து, அதையே திரும்ப உறிஞ்சும். கிட்ட உட்கார்ந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் ஆண் பூச்சிகள். செடியில் உள்ள பைரோலிசிடின் அல்கலாய்டு என்ற நச்சுப்பொருளைத்தான் அவை எடுக்கின்றன. பெண்ணை ஈர்க்கும் வாசனைப் பொருள் அதிலிருந்துதான் உருவாகிறது. பறவை தின்னாமல் காக்கும் கசப்பும் அதுவே.

அதனால் ஒரு கிளையை வெட்டி, நிழலில் இரண்டு நாள் வாடவிட்டு, தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்தால் சீக்கிரம் வரும். தேள்கொடுக்குச் செடியும் இதே வேலை செய்யும். பசுமையாக நிற்கும் கிலுகிலுப்பைப் பூவுக்குக் கருவண்டு வரும். கனமான உடம்பால் கீழ் இதழை அழுத்தினால்தான் அந்தப் பூ சரியாகத் திறக்கும்.

முத்தியால்பேட்டை:
மாடியில் வைத்திருப்பவர்களுக்கு: 12 அங்குலப் பை, செம்மண் 2 பங்கு, மணல் 1, மட்கிய சாண எரு 1. பையை நேராகத் தளத்தில் வைத்தால் அடி ஓட்டை அடைத்துக்கொள்ளும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், பக்கவாட்டிலும் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே நான்கு ஓட்டை போடுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பெய்த மாதிரி மழையில், தேங்கும் தண்ணீர் ஒரே நாளில் செண்டுமல்லி வேரைக் கொன்றுவிடும். தண்டின் அடி கறுத்துவிட்டால் செடியை மண்ணோடு எடுத்துவிடுங்கள். அந்த மண்ணில் அடுத்த நாற்று வேண்டாம்.

தேவனாம்பட்டினம்:
இன்னொன்று, நர்சரியில் பூவோடு வாங்கும் செடியைப் பற்றி. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்து வேர் வழியாக ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கும். என்ன மருந்து வைத்தீர்கள் என்று கேட்டு வாங்குங்கள். சரியான பதில் வராவிட்டால் விதை, பதியம் என்று போவதே நல்லது. வேப்பெண்ணெய் தெளித்தே ஆக வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகு, பூவில் படாமல். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுவாக இருக்கலாம், அதன் மேல் தெளிக்காதீர்கள்.

வில்லியனூர்:
கிலுகிலுப்பை விதை எப்படி எடுப்பது?

லாஸ்பேட்டை:
காய் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். அப்போது பறித்து வெயிலில் காயவையுங்கள். தோல் கெட்டி, அதனால் விதைக்கும் முன் சுடுதண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். ஆடு, மாடு, சின்னக் குழந்தைகள் எட்டாத இடமாகப் பார்த்து நடுங்கள். அதே அல்கலாய்டு ஈரலைக் கெடுக்கும்.