அப்பீல்ல விட்டுப்போன சாட்சியை விசாரிக்க முடியுமா?

கடலோரத்தான்: எனக்க மச்சானுக்கு கொலை முயற்சி கேஸ்ல 7 வருஷம் போட்டாச்சு, அப்பீல் ஹைகோர்ட்டு மதுரை கிளையில கிடக்கு. சம்பவத்த நேருல பாத்த பய ஒருத்தன் உண்டு, தூத்தூர்காரன், குற்றப்பத்திரிகையிலயும் சாட்சியா இருந்தான், ஆனா விசாரணை நேரம் பாத்து கொச்சியில இருந்து மீன்பிடி போட்டு ஏறி ஆழ்கடலுக்குப் போயிட்டான், ஏட்டு சம்மனுக்க பின்பக்கம் "தொழிலுக்காகக் கடலில் உள்ளார்"னு எழுதி திருப்பிக் குடுத்தாரு, அரசு வக்கீலும் அந்த சாட்சி வேண்டாம்னு விட்டுட்டாரு. இப்ப கரையிலதான் நிக்கான். அவனை விசாரிக்கக் கேட்டா தப்பா?

மலையோரம்: தப்புதான் அண்ணே. கீழ்க்கோர்ட்டு சாட்சியத்த டைப் அடிச்சு கட்டு கட்டா வைப்பாவ, அப்பீல் ஜட்ஜு அத வாசிச்சு முடிவு பண்ணுவாரு, அவ்வளவுதான். அப்பவே மனு போட்டு கூப்பிட்டிருக்கலாம், உங்க தரப்பு சாட்சியா நிறுத்தியிருக்கலாம். நான் அடிபட்டவங்க பக்கம் நிக்குறவன். எனக்க சித்தப்பா வெட்டுப்பட்ட கேஸ்ல ரப்பர் பால் வெட்டப் போன ரெண்டு பேருதான் கண்ணால பாத்தது, ரெண்டு பேரும் இப்ப உயிரோட இல்ல. மறுவிசாரணைன்னு திருப்பி அனுப்பினா நாங்க யாரை கூண்டுல ஏத்துவோம்?

தக்கலை குமாஸ்தா: ரெண்டையும் குழப்பாதிய. மொத்த கேஸையும் முதல்ல இருந்து நடத்துற மறுவிசாரணை வேற, கூடுதல் சாட்சியம் வேற. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) பிரிவு 391, அதுக்குப் பதிலா வந்த புது சட்டத்துல (பிஎன்எஸ்எஸ்) 432, அப்பீல் கோர்ட்டுக்குத் தேவைன்னு பட்டா காரணம் எழுதி வச்சு அந்த ஒரு சாட்சியை மட்டும் எடுக்கலாம். மதுரைக்குக் கூட போக வேண்டாம், செஷன்ஸ் கோர்ட்டையே எடுத்து அனுப்பச் சொல்ல ஹைகோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. 2004ல பெஸ்ட் பேக்கரி கேஸ்ல, அதான் குஜராத் கலவரத்துல பேக்கரியில ஆளுகளைக் கொன்ன கேஸ், கூடுதல் சாட்சியம் எடுக்காம விட்டதுக்கு சுப்ரீம் கோர்ட் குஜராத் ஹைகோர்ட்டையே கண்டிச்சுது. மலையோரம் தம்பி, செத்துப்போனவங்க குறுக்கு விசாரணை முடிச்சுக் குடுத்த சாட்சியம் அழியாது, மறுவிசாரணை வந்தாலும் பழைய சாட்சியச் சட்டத்துல பிரிவு 33, இப்ப புது சாட்சியச் சட்டத்துல 27, அதுல எடுத்துக்கலாம்.

மலையோரம்: எடுக்கலாம்னு சட்டம் சொல்லும், வருஷக்கணக்கா அலையுறது நாங்கதானே. இத்தன நாள் கழிச்சு வாற சாட்சிக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு எப்படித் தெரியும்? இது விட்டுப்போன ஓட்டைய அடைக்குற வேலை.

கடலோரத்தான்: எங்க வக்கீலு மனு போடல, உண்மைதான். அதுக்கு எனக்க தங்கச்சி ரெண்டு பிள்ளையள வச்சுக்கிட்டு ஜெயில் வாசல்ல மனு எழுதிக் குடுத்து நிக்கணுமா? கடல்ல ஒரு மாசம், ஒன்றரை மாசம் கிடக்குறவன் சம்மன் தேதிக்கு எப்படி வருவான், எங்க ஊருல பாதி ஆம்பளைங்க அப்படித்தானே. அடுத்த போட்டு எப்ப வருதுன்னு கேட்டு தேதி போட்டிருந்தா போதுமே.

மலையோரம்: சரி, அவன் அன்னைக்கு போலீசுல என்ன சொன்னான்?

கடலோரத்தான்: நகல் கையில இருக்கு. "கம்பு வச்சிருந்தது வேற ஆளு, இவர் நடுவுல புகுந்து பிடிச்சு விலக்கினார்"னுதான் இருக்கு. சம்பவம் நடந்த மூணாம் நாள் எழுதினது.

மலையோரம்: அப்ப யாரும் இப்ப சொல்லிக் குடுத்தது இல்ல. அவனை விசாரிக்கச் சொல்லி மனு போடுங்க அண்ணே, நான் தடுக்கல. மொத்த கேஸையும் திருப்பி அனுப்பச் சொல்லி மட்டும் கேக்காதிய, அடிபட்டவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

தக்கலை குமாஸ்தா: அந்த நகலையும் சேத்து போடுங்க. அவன் அடுத்த போட்டு ஏறதுக்கு முன்ன.