யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் சூடானதும் நின்றுவிடுகிறது, இன்ஜினுக்குப் போர் அடிக்கத்தான் வேண்டுமா?

உசிலை_தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். மாமா ஓட்டிய 1994 மாடல் ஆர்.எக்ஸ். 100, அவர் இறந்த பிறகு தொழுவத்தில் தார்ப்பாய்க்கு அடியில் பல வருடமாகக் கிடந்தது. "ஓட்டுறதா இருந்தா எடுத்துட்டுப் போ, இல்லாட்டி எடைக்குப் போட்டுருவேன்" என்று அத்தை சொன்னதும் உசிலம்பட்டி வீட்டுக்கு வேனில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலைக் கொட்டிக் கழுவினேன், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்பரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வருகிற சின்னத் துளைகளான ஜெட்டுகளை ஊதினேன், பிளக், பெட்ரோல் டியூப், ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாம் புதுசு. கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

பிரச்சினை என்னவென்றால், காலையில் இரண்டு உதையில் எடுக்கிற வண்டி, மதுரைப் பக்கம் போனால் செக்கானூரணி வருவதற்குள் ரெண்டு தடவை வெட்டி இழுத்து அணைந்துவிடுகிறது. அப்புறம் எவ்வளவு உதைத்தாலும் எடுக்காது. ஒரு டீயைக் குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து உதைத்தால் உடனே கிளம்புகிறது. இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன், அவர் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை, "போர் போயிருச்சு, கிட் மாத்தணும், அப்படியே கிராங்க்கையும் இறக்கிடுவோம்" என்கிறார். அதாவது சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்துவிட்டதாம், அதைக் கடைந்து (போர் அடித்து) புது பிஸ்டன் போட்டு, பிஸ்டன் சுற்றவைக்கிற கிராங்க் தண்டையும் கழற்றணுமாம்.

இன்னொன்று, ஓட ஆரம்பித்ததும் பின் ஃபிரேமை அறுத்து ஒற்றை சீட், தாழ்ந்த ஹேண்டில், எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர் போட்டு கஃபே ரேசராக்க ஆசை. கலரும் மாற்றணும். வீட்டில் என்னிடம் சாதாரண ஸ்பேனர் செட்டும் ஒரு மல்டிமீட்டரும்தான் இருக்கிறது. அனுபவம் உள்ள அண்ணன்கள் சொல்லுங்கள்.

டூஸ்ட்ரோக்_பாண்டி:
தம்பி, போர் தேய்ந்த வண்டி பெரும்பாலும் காலையிலேயே முரண்டு பிடிக்கும், இழுவையும் இருக்காது. ஆறினதும் ஒழுங்காகக் கிளம்புகிறது என்றால் இன்ஜினைப் பிரிக்கிற வேலை இப்போதைக்கு வேண்டாம். நின்ற இடத்தில், சூடு இருக்கும்போதே, எது வரவில்லை என்று பார்க்கணும். வீட்டுக்குத் தள்ளிவந்து ஆறின பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், நீயும் குழம்பிப்போவாய்.

அடுத்த தடவை ஒரு பிளக் ஸ்பேனரும் இன்னொரு பிளக்கும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பு. வண்டி நின்றதும் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திற. 'புஸ்'ஸென்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டியும் எடுத்தால் மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்திருக்கிறது, ஊசியால் குத்தினால் வேலை முடிந்தது, பைசா செலவில்லை. அது இல்லை என்றால் கையில் இருக்கிற பிளக்கை கேப்பில் மாட்டி, சிலிண்டர் ஹெட்டில் நன்றாகத் தொடும்படி வைத்து உதைத்துப் பார். இன்ஜினில் இருக்கிற பிளக்கைக் கழற்றாதே, திறந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே அடிக்கும், பக்கத்தில் பொறி பறந்தால் பற்றிக்கொள்ளும். நீல நிறத்தில் பளிச்சென்று வந்தால் கரன்ட் சரி, கார்பரேட்டர் பக்கம் போ. வரவே இல்லை, அல்லது சோகையாக மஞ்சளாக வருகிறது என்றால் மேக்னெட் காயில் (இன்ஜின் சுற்றும்போது கரன்ட் உண்டாக்கும் கம்பிச்சுருள்), சி.டி.ஐ. (பொறியை நேரத்துக்கு விடுகிற பெட்டி), எச்.டி. காயில் (கரன்டை உயர்த்தி பிளக்குக்கு அனுப்புவது) இந்த மூன்றில் ஒன்று. என் சந்தேகம் மேக்னெட் காயில்மேல்தான். சுற்றியிருக்கிற கம்பியில் எங்காவது ஒரு கீறல் இருந்தால் ஆறியிருக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்ததும் விட்டுவிடும்.

திருமங்கலம்_லேத்:
பாண்டி அண்ணன் சொன்னதுதான் முதலில். ஆனால் பல வருடம் நின்ற டூ ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் தண்டின் இரு பக்கமும் இருக்கிற ரப்பர் வளையங்களான ஆயில் சீல் இரண்டையும் சந்தேகப்படாமல் விடக்கூடாது. ஓடாமல் கிடந்தால் ரப்பர் காய்ந்து உதடு விறைத்துவிடும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும், வெள்ளைப் புகை கட்டியாக வரும், ஆயில் அளவும் குறையும், அதனால் கண்டுபிடிப்பது சுலபம். மேக்னெட் பக்க சீல்தான் சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும். அது வழியாக வெறும் காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்துவிடும். ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்.பி.எம். இறங்காமல் கத்திக்கொண்டே இருக்கும், பிளக் வெள்ளையாக இருக்கும், அப்படியே உசிலம்பட்டியில் இருந்து ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்துக்கு விரட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்போது நிஜமாகவே போர் அடிக்க வேண்டியதுதான்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதே ஜெட்டில் கலவை இன்னும் கொஞ்சம் மெலியும், பிளக் வெளுத்து இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் சீல் சரி என்று தெரிந்த பிறகு. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் இனிமேல் டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

ஆயில் பம்ப் வேலை செய்கிறதா என்று பார்த்தீர்களா? பழைய வண்டியில் அதை நம்பாதீர்கள். சரி பார்க்கும்வரை டேங்கிலேயே லிட்டருக்கு 25 மில்லி டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்து ஓட்டுங்கள்.

டூஸ்ட்ரோக்_பாண்டி:
கலந்து ஓட்டுவது சரி, ஆனால் அதோடு பம்பைக் கழற்றி எறிந்துவிடாதே தம்பி. ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். பம்ப் ஆக்சிலேட்டரைப் பார்த்து ஆயில் கொடுக்கிறது, மெதுவாகப் போகும்போது குறைவு, விரட்டினால் கூடுதல். கலவையில் அந்த வசதி கிடையாது. டியூபில் காற்றை எடுத்து, பம்பின் கேபிளை அதற்கான குறிக்கு நேராக வைத்தால் ஒழுங்காக ஓடும்.

ஆர்சி_புக்:
இன்ஜினைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் யோசிப்பதே இல்லை. வண்டி மாமா பெயரில்தானே இருக்கிறது? இறந்தவர் பெயரில் இருக்கிற வண்டியை வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. விற்று வாங்குவதற்கான படிவம் 30-ஐ நிரப்பிக்கொண்டு போய் நிற்காதீர்கள். அத்தைதான் வாரிசு என்றால் முதலில் அவர் பெயருக்கு வரட்டும். அப்புறம் 15 வருடத்துக்கு மேற்பட்ட வண்டி, பதிவைப் புதுப்பிக்க படிவம் 25, அது 5 வருடத்துக்கு ஒருமுறை. இந்த வருடங்களில் யாரும் புதுப்பித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது கஃபே ரேசர். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. சைலன்சர் வேறு இருப்பதிலேயே முதலில் காதில் விழுகிற மாற்றம். கலர் மாற்றலாம், ஆனால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பவுடர் கோட்டிங் கொடுத்தால் சேசிஸ் நம்பர் இருக்கிற இடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்த நம்பர்மேல் பென்சிலைத் தேய்த்துத்தான் பிரதி எடுப்பார்கள், பெயிண்ட் குழியை நிரப்பிவிட்டால் தலைவலி.

என் சொந்தக் கருத்து ஒன்று. 1996-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டியின் ஃபிரேமை அறுக்க எப்படி ஐயா மனசு வருகிறது? ஹேண்டிலையும் சீட்டையும் மாற்றிப் பழசை எடுத்துவையுங்கள், பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். அறுத்ததை ஒட்ட முடியாது.

உசிலை_தம்பி:
நன்றி அண்ணன்களே. நேற்று செக்கானூரணி தாண்டி நாகமலை புதுக்கோட்டை வரை போய் நின்றது. மூடியைத் திறந்தேன், மாற்றமில்லை. பிளக்கில் கரன்ட் சுத்தமாக இல்லை. அங்கேயே மல்டிமீட்டரை வைத்தேன், சி.டி.ஐ.க்கு வருகிற ஒயரில் ரெசிஸ்டன்ஸே காட்டவில்லை, ஓப்பன், அதாவது கம்பி எங்கோ அறுந்த மாதிரி. ஆறினதும் அளந்தால் காட்டுகிறது. கிளட்ச் பக்கம் புகை எதுவும் இல்லை, ஆர்.பி.எம்.மும் ஒழுங்காக இறங்குகிறது. ஃபிரேம் விஷயம், சரி, அறுக்கவில்லை. எல்.இ.டி. ஹெட்லைட்டாவது போடலாமா?

டூஸ்ட்ரோக்_பாண்டி:
அதுதான், மேக்னெட் காயில். சூட்டில் ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் ஏறுவது செம்புக்கு இயல்பு, 50 டிகிரி ஏறினால் சுமார் 20 சதவீதம் கூடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஓப்பன் என்றால் செத்தது. ஆனாலும் காயிலைக் குறை சொல்லும் முன் கப்ளரையும் (ஒயர்களைச் சேர்க்கும் இணைப்பு) ஒயரையும் ஆட்டிப் பார், சில சமயம் சால்டரிங் விட்டிருக்கும். அசல் காயில் கிடைத்தால் வாங்கு, இல்லாவிட்டால் திரும்பச் சுற்றிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹெட்லைட் மேக்னெட்டில் இருந்து நேரடியாக ஏ.சி.யில் எரிகிறது, எல்.இ.டி. போட்டால் மினுக்கும். வயரிங்கை மாற்றாமல் அது வேண்டாம்.

காயிலை எடுக்க மேக்னெட்டைக் கழற்றணும், அதற்கு புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வாங்கிக்கொள், சுத்தியால் தட்டாதே, கிராங்க் கோணிவிடும். கியரில் போட்டு பின் பிரேக்கை ஒருவரை அழுத்தச் சொன்னால் நட்டு கழன்றுவிடும். உள்ளே கிராங்க்கில் மேக்னெட்டை இடத்தில் நிறுத்துகிற ஒரு சின்ன கீ (உலோகத் துண்டு) இருக்கும், கீழே விழுந்தால் தேடிக் கிடைக்காது, வேலை செய்யும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள். திறந்திருக்கும்போதே அந்தப் பக்க சீலையும் மாற்றிவிடு, இரண்டாவது தடவை கழற்ற வேண்டியிருக்காது.