முதல் நிதித்துறை இன்டர்ன்ஷிப்: பணி அனுபவம் இல்லாத சிவியை எப்படிச் சீரமைப்பது?

கேள்வி:

வணக்கம். வணிகவியல் இளநிலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவன் நான். வரும் விடுமுறையில் இன்டர்ன்ஷிப் செய்வதற்காகக் கடன் பகுப்பாய்வு, பங்கு ஆராய்ச்சி, நிறுவனங்களின் கணக்குப் பிரிவு ஆகிய மூன்றுக்கும் விண்ணப்பித்து வருகிறேன். இதுவரை நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. என் சிவி இரண்டு பக்கம். 'குறிக்கோள்' என்ற பத்தியில் தொடங்கி, கல்வி, இணையவழிச் சான்றிதழ்கள், திறன்கள் (எக்செல், குழுப்பணி, தலைமைப் பண்பு) என்று போய், மாணவர் சங்கத்தின் பொருளாளர் என்ற ஒற்றை வரியில் முடிகிறது. வேலை அனுபவம் எதுவும் இல்லாத நிலையில் எதைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம்?

பதில் 1:

உங்கள் சிவியில் நிதித்துறைக்கு மிக நெருக்கமான செய்தியே கடைசி வரியில் ஒதுங்கிக் கிடக்கிறது. அதைக் கல்விக்கு அடுத்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். 'பொருளாளராகப் பணியாற்றினேன்' என்பது பதவியைத்தான் சொல்கிறது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது படிப்பவருக்குத் தெரியாது. 'சங்கத்தின் ஆண்டு பட்ஜெட்டை எக்செல்லில் தயாரித்தேன். மாதந்தோறும் ரொக்கப் புத்தகத்தை வங்கி அறிக்கையுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். ஒதுக்கீட்டைத் தாண்டக்கூடிய செலவுகளைச் செயற்குழுவுக்கு முன்கூட்டியே தெரிவித்தேன்' என்று எழுதினால் அதே பொறுப்பு வேறு எடை பெறுகிறது. பட்ஜெட் தொகை, செலவினங்களின் எண்ணிக்கை, மிச்சப்பட்ட விழுக்காடு ஆகியவற்றில் உண்மையாகவே உங்களிடம் உள்ள எண்களை அந்த வரிகளிலேயே சேருங்கள்.

குறிக்கோள் பத்தி வேண்டாம். குழுப்பணி, தலைமைப் பண்பு போன்றவற்றை யாரும் தமக்கு இல்லையென்று எழுதப்போவதில்லை. எனவே அவற்றால் பயனில்லை. எக்செல்லில் பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை), எக்ஸ்லுக்அப் (தரவைத் தேடியெடுக்கும் சூத்திரம்) என்று எதைப் பயன்படுத்தத் தெரியுமோ அதைக் குறிப்பிடுங்கள். இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

பதில் 2:

மேலே சொன்னது கணக்குப் பிரிவுக்குப் போதும். பங்கு ஆராய்ச்சிக்குப் போதாது என்பது என் கருத்து. அங்கே தேடுவது, ஒரு நிறுவனத்தைப் படித்து ஒரு முடிவுக்கு வரத் தெரிந்தவரை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஏதேனும் ஒரு நிறுவனத்தின் ஐந்தாண்டு அறிக்கைகளை எடுத்து, லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை மூன்றையும் நீங்களே எக்செல்லில் பதிந்து, ஒன்றோடொன்று இணைத்து, இரண்டு பக்கக் குறிப்பு எழுதுங்கள். சிவியில் அந்தப் பணியின் பெயரைவிட அதன் முடிவுதான் தெரியவேண்டும்: 'விற்பனை வளர்ந்தும் செயல்பாட்டுப் பணப்புழக்கம் சுருங்கியதற்கு, வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி பெருகியதே காரணம் எனக் கண்டறிந்தேன்' என்பதுபோல.

ஓர் எச்சரிக்கை. 'நிதி மாடலிங்' (நிறுவனத்தின் கணக்குகளை இப்படி எக்செல்லில் இணைத்துக் கணிப்பது) என்று எழுதிவிட்டால் அதிலிருந்து கேள்வி வரும். தேய்மானம் (சொத்தின் மதிப்புக் குறைவதைச் செலவாகக் காட்டுவது) 10 கூடினால் மூன்று அறிக்கைகளிலும் என்ன மாறும் என்பது பழைய கேள்வி, இன்னும் கேட்கிறார்கள். வரி 30% என்றால், வரியில் 3 மிச்சமாவதால் நிகர லாபம் 7 மட்டும் குறையும். தேய்மானத்தில் பணம் வெளியே போகாததால் அந்த 10 பணப்புழக்க அறிக்கையில் திரும்பச் சேர்ந்து, ரொக்கம் 3 கூடும். இருப்புநிலைக் குறிப்பில் நிலையான சொத்து 10 குறைந்து, ரொக்கம் 3 கூடி, மொத்தச் சொத்து 7 இறங்கும், மறுபக்கம் பங்குதாரர் நிதியும் அதே 7 இறங்கும். இதைத் தாளைப் பார்க்காமல் சொல்ல முடிந்த பிறகு அந்தச் சொல்லைச் சேருங்கள்.

பதில் 3:

சான்றிதழ்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காணொளி பார்த்து முடித்ததற்காகக் கிடைத்தவற்றை எடுத்துவிட்டு, தேர்வோ பயிற்சிக் கணக்குகளோ உள்ள ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளுங்கள். சிஎஃப்ஏ (முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான தொழில்முறைத் தகுதி) தேர்வுக்குப் பதிவு செய்யாமல், படிக்கும் எண்ணம் இருக்கிறது என்பதற்காகத் தேர்வர் என்று குறிப்பிடக் கூடாது. அந்தத் தேர்வை நடத்தும் அமைப்பின் விதிகளும் இதை அனுமதிப்பதில்லை. 'எக்செல் 90%' என்று பட்டை வரைவதையும் தவிருங்கள். எதில் 90% என்று கேட்டால் யாருக்கும் விடை தெரியாது. பக்கத்தை இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிக்கும் வடிவமைப்பை விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள்கள் சில நேரம் தாறுமாறாகப் படித்துவிடும். எளிய ஒற்றை நெடுவரிசையில் பிடிஎஃப் கோப்பாக அனுப்புவது பாதுகாப்பானது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. நிறுவன அறிக்கைப் பணியைத் தொடங்கவிருக்கிறேன். கடன் பகுப்பாய்வுக்கெனத் தனியாக இன்னொன்று செய்யவேண்டுமா?

பதில் 2:

வேண்டியதில்லை. அதே எக்செல் கோப்பில், வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் வட்டிச் செலவைப்போல் எத்தனை மடங்கு இருக்கிறது, அடுத்த ஆண்டுகளில் எவ்வளவு கடன் முதிர்கிறது (திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கிறது), விற்பனை 20% சரிந்தால் அந்த மடங்கு என்னவாகும் என்று ஒரு தாள் சேர்த்துவிடுங்கள். கடன் பிரிவுக்கு அனுப்பும் சிவியில் இந்த முடிவு முதல் வரியாக வரட்டும். பங்கு ஆராய்ச்சிக்கு அனுப்புவதில் நிறுவனப் பங்கின் மதிப்பு பற்றிய உங்கள் மதிப்பீடு முதலில் வரட்டும். மற்ற வரிகளை மாற்றவேண்டாம்.